சோசலிச சமூகத்துக்குள்ள சண்டை வந்தா யார் தீர்க்கிறது, எப்படித் தீர்க்கிறது?

கேள்வியன்:

தோழர்களுக்கு வணக்கம். எங்க வாசிப்பு வட்டம் கொஞ்ச நாளா ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது, அதான் இங்க கேக்கறேன்.

விஷயம் இதுதான். தனியுடைமை போயிடுச்சு, ஃபேக்டரி, நிலம், பேங்க் எல்லாம் பொதுவுக்கு வந்துடுச்சுன்னே வச்சுக்குவோம். அப்பவும் ஒரு ஷிஃப்ட்டுக்கு எவ்வளவு வேலை, விவசாயி கிட்ட தானியத்தை என்ன விலைக்கு எடுக்கறது, வீடு முதல்ல யாருக்கு, எந்தப் பகுதிக்கு மின் நிலையம், இதுல எல்லாம் சண்டை வரத்தானே செய்யும்? எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் "சுரண்டுற வர்க்கமே இல்லாதப்ப சண்டை எங்கிருந்து வரும், வந்தா அது எவனோ தூண்டி விட்டது"ங்கிறார். இன்னொருத்தர் நேர் எதிரா "நாலு கட்சியும் ஓட்டும் இல்லாட்டி கடைசில எல்லாரும் ஜெயில்தான், இதுல பேச என்ன இருக்கு"ங்கிறார். எனக்கு ரெண்டுமே ஒட்டல.

நிஜமா அந்த நாடுகள்ல என்ன வழிமுறை இருந்துச்சு, எது ஓடுச்சு, எது சொதப்புச்சு, வரலாறு தெரிஞ்சவங்க சொல்லுங்க. "முதலாளித்துவத்துல மட்டும் என்ன வாழுது"ங்கிற பதில் மட்டும் வேண்டாம் ப்ளீஸ், அதை நாங்களே நிறைய சொல்லியாச்சு :)

---

செந்தழல்:

உங்க முதல் நண்பர் சொல்றது மார்க்சியமே இல்ல தோழர். சோசலிசத்துல முரண்பாடே இருக்காதுங்கிறது சோவியத்துல 30-கள்ல பரவின ஒரு நினைப்பு. அதை உடைச்சுப் பேசினவர் மாவோ. 1957 பிப்ரவரி 27-ல மக்களுக்குள்ள இருக்கிற முரண்பாடுகளைச் சரியாக் கையாளறது பத்தி அவர் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார், அதுக்கு முந்தின வருஷம் ஹங்கேரியில கிளர்ச்சி நடந்திருக்கு, போலந்துல போஸ்னான் நகரத் தொழிலாளிங்க எழுந்திருக்காங்க, சீனாவுலயே அங்கங்க தொழிலாளிங்க ஸ்டிரைக் பண்ணி மாணவங்க கிளாஸ் புறக்கணிச்சிருக்காங்க. அந்த ஸ்டிரைக்குகளுக்கு அவர் என்ன காரணம் சொன்னார்னு கவனிங்க. கூலி, வசதி மாதிரி நியாயமான கோரிக்கை நிறைவேறாதது ஒரு காரணம், அதைவிட முக்கியமான காரணம் தலைமையில இருக்கறவங்களோட அதிகாரவர்க்கப் போக்கு. எவனோ தூண்டிவிட்டான்னு அதோட முடிச்சுக்கல.

அடிப்படை ரொம்ப சிம்பிள். எதிரியோட வர்ற பகை முரண் வேற, மக்களுக்குள்ளயே வர்ற நட்பு முரண் வேற. தொழிலாளிக்கும் விவசாயிக்கும், அரசுக்கும் கூட்டுப்பண்ணைக்கும், தலைமைக்கும் கீழ இருக்கறவங்களுக்கும் நடுவுல வர்றது நட்பு முரண். அதுக்கு போலீஸ் தீர்வு கிடையாது, ஒற்றுமை - விமர்சனம் - ஒற்றுமைதான், அதாவது ஒற்றுமையா இருக்கணும்ங்கிற எண்ணத்தோட ஆரம்பிச்சு, விமர்சனம் பண்ணி, புது அடிப்படையில திரும்ப ஒற்றுமைக்கு வர்றது. நட்பு முரணை ஒழுங்காக் கையாளலைன்னா அது பகை முரணா முத்தும், அதையும் அவரே சொல்லியிருக்கார். உங்க கேள்விக்கு சட்டகம் இதுதான், இதை வச்சுக்கிட்டு மத்ததைப் பாருங்க.

---

பழைய_யூனியன்காரன்:

செந்தழல் சொன்ன சட்டகத்துல எனக்கு சண்டை இல்ல, ஆனா அந்தக் கதையோட அடுத்த நாலு மாசத்தை விட்டுட்டார், விஷயமே அங்கதான் இருக்கு.

அந்த உரை பிப்ரவரில. நூறு பூக்கள் மலரட்டும்னு சொல்லி, வந்து விமர்சனம் பண்ணுங்கன்னு வசந்த காலம் பூரா அறிவுஜீவிகளை, மாணவர்களை, மத்த சின்னக் கட்சிக்காரங்களைக் கூப்பிட்டாங்க. அவங்களும் நம்பி வந்து பேசினாங்க. ஜூன் 8-ம் தேதி கட்சிப் பத்திரிகையில தலையங்கம் வருது, வலதுசாரிகளுக்கு எதிரான இயக்கம் ஆரம்பம். அதே உரை ஜூன் 19-ல அச்சுல வர்றப்ப, பேசினப்ப இல்லாத ஆறு அளவுகோல் உள்ள ஏறியிருந்துச்சு, எது மணக்கிற பூ எது விஷக்களைன்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு. ஆறுல ரொம்ப முக்கியம்னு சொன்னது ரெண்டு, சோசலிசப் பாதை, கட்சித் தலைமை. ஆக பிப்ரவரில பேசினவனோட பேச்சை ஜூன்ல வந்த அளவுகோலால அளந்தாங்க. சுமார் 5,50,000 பேருக்கு வலதுசாரி முத்திரை குத்தினாங்க, பெரும்பாலானவங்களுக்கு அது நீங்கறதுக்கு 70-கள் கடைசி ஆச்சு.

அதனால பகை முரண், நட்பு முரண்னு பிரிக்கறது சரியா தப்பாங்கிறதை விட, இன்னைக்கு இந்தச் சண்டை எந்த வகைன்னு யார் முடிவு பண்றாங்கங்கிறதுதான் கேள்வி. எந்த அதிகாரியைப் பத்தி புகாரோ அதே அதிகாரியே "இது பகை முரண்"னு சொல்லிட முடியும்னா, மீதி எல்லாம் அழகான பேச்சுதான்.

சீனக் கட்சியோட 1959 லூஷான் கூட்டத்தைப் பாருங்க. பெங் டெஹுவாய் பாதுகாப்பு அமைச்சர், கொரியா போர்ல படை நடத்தினவர். உற்பத்தியை ஒரே தாவுல ஏத்தப் போறோம்னு மாவோ ஆரம்பிச்ச பெரும் பாய்ச்சல் கிராமத்துல என்ன பண்ணிட்டிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. பொது மேடையில கத்தல, வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் சொல்லல, ஜூலை 14-ல மாவோவுக்கு தனிப்பட்ட முறையில கடிதம் எழுதினார், கட்சி விதிப்படி அதைவிட ஒழுங்கா எப்படி விமர்சனம் பண்றதுன்னு எனக்குத் தெரியல. அந்தக் கடிதத்தை நகல் எடுத்து கூட்டத்துல எல்லாருக்கும் கொடுத்து, கட்சி விரோதக் கும்பல்னு முடிவு பண்ணி பதவியைப் பிடுங்கினாங்க. இதைப் பாத்த மாகாணச் செயலாளர்கள் யாராவது அதுக்கப்புறம் "எங்க பகுதியில தானியம் இல்ல"ன்னு மேல எழுதுவாங்களா? அப்ப வந்த பஞ்சம் நீண்டதுக்கு இதுவும் ஒரு காரணம். விமர்சனத்தை அடக்கினா ஜனநாயகம் குறையும்னு மட்டும் நினைக்காதீங்க, திட்டம் போடறவனுக்கு கண்ணு தெரியாமப் போயிடும். திட்டமிட்ட பொருளாதாரத்துல அது உயிர்ச்சேதம்.

இன்னொண்ணு, எங்க யூனியன் ஆளுங்களுக்கு நான் எப்பவும் சொல்றது, கிழக்கு ஜெர்மனி 1953. மே மாசம் வேலை அளவை 10 சதவீதம் ஏத்தினாங்க, அதாவது அதே கூலிக்கு பத்து சதவீதம் கூடுதல் வேலை. ஜூன்ல விலைவாசி, விவசாயிகள், சர்ச்னு நிறைய விஷயத்துல அரசு பின்வாங்குச்சு, இந்த ஒண்ணை மட்டும் விட்டு வச்சாங்க. ஆக எல்லாருக்கும் ஏதோ கிடைச்சுது, கட்டடத் தொழிலாளிக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. ஜூன் 16 காலையில தொழிற்சங்கத்தோட சொந்தப் பத்திரிகையில "வேலை அளவு ஏத்தினது சரிதான்"னு கட்டுரை வருது. யோசிச்சுப் பாருங்க, யூனியன் பேப்பர்! பெர்லின்ல கட்டட வேலைக்காரங்க கருவியைக் கீழ போட்டுட்டு ஊர்வலமா கிளம்பிட்டாங்க. அன்னைக்கு மதியமே அரசு அந்த உயர்வை வாபஸ் வாங்கிடுச்சு, ஆனா அதுக்குள்ள கோரிக்கை கூலியில இருந்து தேர்தலுக்குப் போயிடுச்சு, மறுநாள் சோவியத் டாங்கி வந்துச்சு. மேற்கு ரேடியோ ஊதிப் பெருசாக்குச்சு, அது உண்மைதான், மறுக்கல. ஆனா மே மாசமே எங்களால முடியாதுன்னு சொல்ல அந்தத் தொழிலாளிக்கு ஒரு வாய் இருந்திருந்தா ரேடியோவுக்கு என்ன வேலை?

---

கேள்வியன்:

ரெண்டு பேருக்கும் நன்றி, யார் முடிவு பண்றதுங்கிற இடத்துலதான் நாங்களும் சிக்கி நிக்கறோம்னு இப்பத் தோணுது. ஒரு துணைக் கேள்வி, கட்சிக்குள்ள கோஷ்டி கூடாதுங்கிற விதி ஆரம்பத்துல இருந்தே இருந்துச்சா? ஜனநாயக மத்தியத்துவம்னா (விவாதிச்சு முடிவெடுத்த பிறகு எல்லாரும் அதுக்குக் கட்டுப்படறது) அதுதான்னு எங்க வட்டத்துல அடிச்சுச் சொல்றாங்க.

---

நூலகப்பூனை:

ஆரம்பத்துல இருந்தெல்லாம் இல்ல. ரஷ்யக் கட்சியில 1918-ல ஜெர்மனியோட பிரெஸ்ட் சமாதான ஒப்பந்தம் பத்தி சண்டை வந்தப்ப, தலைவர்கள்ல ஒருத்தரான புகாரினோட குரூப் தனியா பத்திரிகையே நடத்துச்சு, லெனினை அதுல கிழிகிழின்னு கிழிச்சாங்க, யாரும் யாரையும் கைது பண்ணல. 1920-21ல தொழிற்சங்கங்கள் எதுக்குன்னு ஒரு பெரிய விவாதம். ட்ராட்ஸ்கி ஒரு பக்கம், உற்பத்தி நிர்வாகத்தையே சங்கங்கள் கையில கொடுன்னு ஷ்லியாப்னிகோவ், கொல்லன்தாய் இருந்த தொழிலாளர் எதிரணி ஒரு பக்கம், நடுவுல லெனின். வேற வேற கொள்கை அறிக்கை வச்சு, அந்த அறிக்கை அடிப்படையில காங்கிரசுக்கு, அதாவது கட்சி மாநாட்டுக்கு, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தாங்க.

தடை வந்தது 1921 மார்ச், 10-வது காங்கிரஸ். அது எந்த நேரம்னு பாருங்க, க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்துல கலகம், காங்கிரஸ் பிரதிநிதிகளே துப்பாக்கி எடுத்துக்கிட்டு பனி மேல நடந்து அதை அடக்கப் போறாங்க. அந்தச் சூழல்ல கட்சி ஒற்றுமைத் தீர்மானம், கோஷ்டிகள் கலைக்கப்படணும்னு. ஆனா அதுலயே ரெண்டு விஷயம் யாரும் பேசறதில்ல. ஒண்ணு, கருத்து வேறுபாடுகளை அச்சுல கொண்டு வர தனி விவாத வெளியீடு போடணும்னு அதே தீர்மானம் சொல்லுது. ரெண்டாவது, இனிமே தனித்தனி அறிக்கை அடிப்படையில தேர்தல் நடக்கவே கூடாதுன்னு ரியாசனோவ்ங்கிற பிரதிநிதி ஒரு திருத்தம் கொண்டு வந்தார், லெனின் அதை எதிர்த்தார். பிரெஸ்ட் மாதிரி அடிப்படையான கேள்வி வந்தா அறிக்கை வச்சுத்தான் தேர்தல் நடத்த வேண்டியிருக்கும், அந்த உரிமையை நாம பறிக்க முடியாதுன்னார். எதிரணித் தலைவர் ஷ்லியாப்னிகோவை அதே காங்கிரஸ்ல மத்தியக் குழுவுக்கும் தேர்ந்தெடுத்தாங்க.

அவசரத்துக்குப் போட்ட விதி, அவசரம் முடிஞ்சும் எடுக்கல. அதுல ஒரு ரகசியப் பிரிவு இருந்துச்சு, மத்தியக் குழு உறுப்பினரையே வெளியேத்தலாம்னு. அதை 1924-ல வெளியிட்டு ஆயுதமா எடுத்தாங்க. ஷ்லியாப்னிகோவை 1937-ல சுட்டாங்க, அடுத்த வருஷம் ரியாசனோவையும். 1934-ல நடந்த 17-வது காங்கிரஸ் பிரதிநிதிகள் 1,966 பேர்ல 1,108 பேர் பின்னாடி கைதானாங்க, இது ஸ்டாலினுக்கு அப்புறம் கட்சித் தலைவரான குருசேவ் 1956-ல சொன்ன கணக்கு.

இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லணும். 1957-ல மோலடோவ், மாலென்கோவ், ககானோவிச்னு பழைய தலைவர்கள் எல்லாம் சேர்ந்து குருசேவைத் தூக்கப் பாத்துத் தோத்தாங்க. மோலடோவ் மங்கோலியாவுக்கு தூதர், மாலென்கோவ் ஒரு மின் நிலையத்துக்கு இயக்குனர், யாரும் சாகல. 1964-ல குருசேவையே தூக்கினப்ப பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க. விதி மாறவே இல்ல, கோஷ்டித் தடை அப்படியே இருக்கு, ஆனா தோத்தவனுக்கு உயிர் மிஞ்சுச்சு. இது சின்ன முன்னேற்றம்னு சிரிக்கலாம், அந்த மத்தியக் குழுவுல உக்காந்திருந்தவங்களுக்கு சின்னது இல்ல.

---

செந்தழல்:

எல்லாம் சரி தோழர்களே, ஆனா முற்றுகைங்கிற ஒரு விஷயத்தை ரெண்டு பேருமே ஓரமாத் தள்றீங்க. ரஷ்ய உள்நாட்டுப் போர்ல பதினாலு நாட்டுப் படை உள்ள வந்திருக்கு, பின்னாடி ஹிட்லர் வர்றான், கியூபாவுக்கு அறுபது வருஷத்துக்கு மேல பொருளாதாரத் தடை. வாசல்ல எதிரி நிக்கறப்ப உள்ள சாவகாசமா அறிக்கை போட்டுத் தேர்தல் நடத்தணும்ங்கிறது நடைமுறைக்கு ஒத்து வருமா? போலந்தையும் சொல்லணும் இல்ல, 1980-ல க்டான்ஸ்க் கப்பல் தளத்துல ஸ்டிரைக், 21 கோரிக்கை, முதல் கோரிக்கையே சுதந்திரத் தொழிற்சங்கம், ரெண்டாவது ஸ்டிரைக் உரிமை. ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தாங்க. கடைசில எங்க போய் நின்னுச்சு? அதுல பிறந்த சாலிடாரிட்டி சங்கத்தோட ஆட்சியே அந்தக் கப்பல் தளத்தை மார்க்கெட்ல விட்டுச்சு.

---

பழைய_யூனியன்காரன்:

செந்தழல், முற்றுகை உண்மை. ஆனா லெனின் ஸ்டிரைக்கை அனுமதிச்சது எப்போன்னு தெரியுமா? 1922 ஜனவரி. போர் அப்பத்தான் ஓய்ஞ்சிருக்கு, வோல்கா பக்கம் பஞ்சம், நாடே குற்றுயிரா கிடக்கு. அப்ப அவர் எழுதி மத்தியக் குழு ஏத்துக்கிட்ட தொழிற்சங்கத் தீர்மானத்துல, அரசு ஃபேக்டரியிலயும் ஸ்டிரைக் வரலாம், அரசு எந்திரத்துல இருக்கிற அதிகாரவர்க்கத் திரிபும் அதுக்கு ஒரு காரணமா இருக்கும், சங்கம் தொழிலாளி பக்கம் நின்னு சீக்கிரம் சமரசம் பண்ணணும், அதுக்கு தகராறுக் குழுக்கள் வேணும், சங்கத்துக்கு நிதியும் இருக்கணும்னு இருக்கு. தொழிலாளி தன்னோட அரசுகிட்ட இருந்தே தன்னைக் காப்பாத்திக்க சங்கம் வேணும்ங்கிறது அவர் 1920 கடைசில சொன்னது. ஆக வாசல்ல எதிரி நின்னப்ப கொடுத்த உரிமை, எதிரி போன பிறகு 30-கள்ல காத்தோட போச்சு. முற்றுகைதான் காரணம்னா இது தலைகீழா இல்ல நடந்திருக்கணும்?

உங்க ஆளையே எடுத்துக்குங்க, 1975 சீன அரசியல் சட்டத்துல ஸ்டிரைக் உரிமை உண்டு, மாவோ சொல்லிச் சேர்த்தது. 78-லயும் இருந்துச்சு. 1982-ல எடுத்தாங்க. சந்தைச் சீர்திருத்தம் உள்ள வர்றப்பத்தான் அந்த உரிமை வெளிய போகுது, அதையும் கொஞ்சம் யோசிங்க.

போலந்துல 81-ல சாலிடாரிட்டி உறுப்பினர் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர். கட்சி உறுப்பினர்களே லட்சக்கணக்குல அதுல இருந்தாங்க. ஒரு கோடித் தொழிலாளியும் ஏகாதிபத்திய ஏஜென்ட்டா? டிசம்பர் 13-ல ராணுவச் சட்டம் போட்டு சங்கத்தை உடைச்சாங்க, அதுல சோசலிச எண்ணம் இருந்த கீழ்மட்ட ஆளுங்க ஓய்ஞ்சு போனாங்க, எட்டு வருஷம் கழிச்சு அரசோட பேச்சுவார்த்தை மேஜையில உக்காந்தது வேற மாதிரி ஆளுங்க. கப்பல் தளம் மார்க்கெட்டுக்குப் போனதுக்கு அந்த டிசம்பருக்கும் பங்கு உண்டுன்னு நான் நினைக்கறேன், நீங்க ஒத்துக்க மாட்டீங்க, பரவாயில்ல.

---

தராசு:

எல்லாரும் பெரிய சண்டையவே பேசறீங்க. நான் தொழிலாளர் சட்டம் பக்கம் இருக்கறவ, அதனால சின்ன சண்டையைப் பத்திச் சொல்றேன், ஏன்னா அந்த நாடுகள் அதுல உண்மையிலயே நல்லாப் பண்ணினாங்க, அதையும் யாரும் சொல்றதில்ல.

சோவியத்துல 1957-ல தொழில் தகராறு விதிமுறை ஒண்ணு வந்துச்சு. ஃபேக்டரிக்குள்ள ஒரு தகராறுக் கமிஷன், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் சரிசமமா ஆள், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. அங்க தீரலைன்னா சங்கக் கமிட்டி, அங்கயும் தீரலைன்னா மக்கள் நீதிமன்றம். 1958-ல இருந்து சங்கக் கமிட்டி சம்மதம் இல்லாம நிர்வாகம் ஆளை வேலையை விட்டுத் தூக்க முடியாது, தூக்கினா கோர்ட் திரும்ப வேலையில சேர்க்கும். வக்கீல் ஃபீஸ் கட்டி வருஷக்கணக்குல அலையற தொழிலாளிகளைப் பாத்துட்டு இதைப் படிச்சா பொறாமையா இருக்கும். கிழக்கு ஜெர்மனியில 1953-ல இருந்து ஃபேக்டரி மோதல் கமிஷன்கள், பின்னாடி அது கூட வேலை செய்யறவங்களே தேர்ந்தெடுக்கிற குழுவாச்சு, சம்பளத் தகராறுல இருந்து சில்லறைத் திருட்டு வரைக்கும் அங்கயே விசாரிச்சு முடிப்பாங்க. 1975-ல மனு கொடுக்கற சட்டம், எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் நாலு வாரத்துல பதில் வந்தாகணும். வீட்டுக் கூரை ஒழுகறதுக்கெல்லாம் ஜனங்க மேலிடத்துக்கே எழுதுவாங்க.

சரி, ஓட்டை எங்க? இதெல்லாம் தனி ஆளுக்கு. என் சம்பளத்துல தப்பாப் பிடிச்சுட்டாங்கன்னு போகலாம். எங்க எல்லாருக்கும் கூலி விகிதமே குறைஞ்சுடுச்சுன்னு போக இடம் கிடையாது. கூட்டுத் தகராறுங்கிற ஒரு வகையே சட்டத்துல இல்ல, ஏன்னா தொழிலாளர் அரசுல தொழிலாளர் கூட்டமா எதிர்த்து நிக்கறதுங்கிறது கொள்கைப்படி நடக்க முடியாத விஷயம்.

1962-ல ரஷ்யாவுல நோவோசெர்காஸ்க் நகரத்துல நடந்த ஸ்டிரைக் அந்த ஓட்டை வழியாத்தான் வந்துச்சு. ரயில் எஞ்சின் தொழிற்சாலை. கூலி விகிதத்தைக் குறைச்சிருக்காங்க, அதே சமயம் ஜூன் 1-ல நாடு முழுக்க கறி விலையும் வெண்ணெய் விலையும் ஏறுது. எந்தக் கமிஷன்ல போய் இதைச் சொல்றது? வேலையை நிறுத்தினாங்க, மறுநாள் ஊர்வலமா நகரக் கட்சி ஆபீசுக்குப் போனாங்க. அங்க நடந்த துப்பாக்கிச் சூட்டுல 26 பேர் செத்தாங்க, அப்புறம் 7 பேருக்கு மரண தண்டனை, விஷயம் வெளிய தெரியாம பல வருஷம் மூடி வச்சாங்க.

கூட்டுத் தகராறுக்கு சோவியத்துல சட்டம் வந்தது 1989 அக்டோபர். அந்த ஜூலையில சைபீரியா, டான்பாஸ்னு நிலக்கரிச் சுரங்கங்கள் லட்சக்கணக்கான ஆளோட நின்ன பிறகு. அந்தச் சுரங்கக்காரங்க கோரிக்கையில சோப்பு இருந்துச்சு தெரியுமா, ஷிஃப்ட் முடிஞ்சு குளிக்க சோப்பு. சோப்புக்காக ஒரு வல்லரசுல ஸ்டிரைக் பண்ண வேண்டியிருந்துச்சுன்னா அந்தத் தகவல் மேல போற குழாய் எல்லாம் எந்த அளவுக்கு அடைச்சிருந்துச்சுன்னு பாத்துக்குங்க.

அதனால கேள்வியன், உங்க வட்டத்துல பேசறப்ப இப்படிப் பிரிச்சுப் பாருங்க. தனி ஆள் புகாருக்கு வழி இருக்கா, கூட்டமாச் சேர்ந்து கேட்க வழி இருக்கா, முடிவையே தப்புன்னு சொல்ல வழி இருக்கா. முதலாவதுல அந்த சமூகங்கள் நல்ல மார்க், ரெண்டாவதுல மோசம், மூணாவதுல பூஜ்யத்துக்குப் பக்கம்.

---

மரகதம்:

மூணாவதுல பூஜ்யம்னு அப்படியே சொல்லிட முடியாது தராசு அக்கா. கியூபாவைப் பாருங்க. 2018-ல புது அரசியல் சட்ட வரைவை தெருக் கூட்டம், வேலையிடக் கூட்டம்னு மூணு மாசம் விவாதிச்சாங்க. அதுல 68-வது பிரிவு, திருமணம்ங்கிறது ரெண்டு நபர்களுக்கு இடையிலானதுன்னு எழுதியிருந்துச்சு, ஆண் பெண்ணுன்னு இல்லாம. கடுமையான எதிர்ப்பு, முக்கியமா சர்ச்சுகள் கிட்ட இருந்து. மொத்த வரைவுலயே அதிகமா பேசப்பட்டது அதுதான். அரசு அந்த வார்த்தையை எடுத்துட்டு, குடும்பச் சட்டம்னு தனியாக் கொண்டு வந்து தனி வாக்கெடுப்புக்கு விடறோம்னு சொல்லுச்சு. 2022-ல திரும்ப ஆயிரக்கணக்குல கூட்டம், செப்டம்பர் 25-ல வாக்கெடுப்பு, ஆதரவு சுமார் 67 சதவீதம், எதிர்ப்பு சுமார் 33.

அந்த 33-ஐ கவனிங்க. மூணுல ஒருத்தர் அரசு ஆதரிச்ச சட்டத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்காங்க, அது அப்படியே வெளியாகியிருக்கு. 99 சதவீதம் ஆதரவுன்னு எவனாவது சொன்னா சிரிப்பு வரும், 67-ன்னா நம்பத் தோணுது. வாதாட இடம் கொடுத்தாங்க, அவகாசமும் கொடுத்தாங்க.

அதே கியூபாவுல 2021 ஜூலை 11-ல மின்வெட்டு, உணவு, மருந்துத் தட்டுப்பாடுன்னு தெருவுக்கு வந்தவங்கள்ல நூத்துக்கணக்கானவங்களுக்கு சிறைத் தண்டனை, சிலருக்கு ரொம்ப நீண்ட தண்டனை. அதையும் நான் மறைக்கல. அரசே திட்டமிட்டு கேள்வி கேட்டா பதில் சொல்ல இடம் உண்டு, அரசு கேட்காத கேள்வியை ஜனங்க எழுப்பினா இடம் இல்ல. அங்க உடையுது.

வியட்நாம் இன்னும் சுவாரசியம். 1997-ல தாய் பின் மாகாணத்துல விவசாயிங்க கொதிச்சு எழுந்தாங்க, உள்ளூர் அதிகாரிங்க வரி, வசூல், நிலம்னு அடிச்ச கொள்ளை. எழுந்தவங்கள்ல பழைய போராளிகளும் கட்சி உறுப்பினர்களும் இருந்தாங்க, அதனால எதிரின்னு முத்திரை குத்தறது கஷ்டம். கைதும் நடந்துச்சு, ஆனா நிறைய உள்ளூர் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டாங்க, 1998-ல அடிமட்ட ஜனநாயக ஆணை வந்துச்சு. மக்கள் தெரிஞ்சுக்கணும், மக்கள் விவாதிக்கணும், மக்கள் செய்யணும், மக்கள் சரிபார்க்கணும். ஊராட்சி வரவு செலவை ஒட்டி வைக்கணும், ஊர் வேலைக்கு வசூல் பண்ணணும்னா ஊர் ஓட்டுப் போடணும். எல்லா ஊர்லயும் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்லல. ஆனா ஒரு கலகத்துல இருந்து சட்டம் பிறந்துச்சு, 2022-ல அதை முழுச் சட்டமாவே ஆக்கிட்டாங்க.

---

தராசு:

பூஜ்யத்தை வாபஸ் வாங்கிக்கறேன் மரகதம், பாஸ் மார்க்குக்குக் கீழன்னு வச்சுக்குவோம் :)

---

கேள்வியன்:

இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, பிரின்ட் எடுத்துட்டுப் போறேன். கடைசியா ஒண்ணு, யூகோஸ்லாவியாவை யாரும் தொடல. தொழிலாளர் கவுன்சிலே ஃபேக்டரியை நடத்தினா இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கணுமே?

---

நூலகப்பூனை:

பாதி தீர்ந்துச்சு, மிச்சப் பாதி வேற இடத்துக்குக் குடி போச்சு.

1950 ஜூன்ல சட்டம், ஃபேக்டரிக்கு தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர் கவுன்சில். (அதே வருஷங்கள்ல ஸ்டாலின் ஆதரவாளர்னு சந்தேகப்பட்டவங்களை கோலி ஓடோக் தீவுல அடைச்சு வச்சு சித்திரவதை பண்ணிட்டும் இருந்தாங்க, அதையும் மனசுல வச்சுக்குங்க. ஷாப் ஃப்ளோர்ல ஜனநாயகம், தீவுல வேற.) 1958 ஜனவரில ஸ்லோவேனியாவுல த்ர்போவ்ல்யே சுரங்கத்துல ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்தினாங்க. கட்சிக்கு ஒரே குழப்பம், ஃபேக்டரி தொழிலாளியோடதுன்னா அவன் யாரை எதிர்த்து ஸ்டிரைக் பண்றான்? ஆனா டாங்கி வரல. நிலக்கரி விலையை அரசு கட்டுப்படுத்தி வச்சிருந்ததால கவுன்சில் நினைச்சாலும் கூலியை ஏத்த முடியாதுன்னு விசாரிச்சப்ப தெளிவாச்சு. அதுக்கப்புறம் ஸ்டிரைக்கை சட்டப்படி அனுமதிக்கவும் இல்ல, தடை பண்ணவும் இல்ல, "வேலை நிற்பு"ன்னு ஒரு பேர் வச்சு விட்டுட்டாங்க. பெரும்பாலும் ஒரு நாளைக்குள்ள முடிஞ்சுடும், மேனேஜ்மென்ட் பதறிப் போய் கேட்டதைக் கொடுத்துடும். 63-ல அரசியல் சட்ட நீதிமன்றம் வச்சாங்க, சோசலிச நாட்டுல அதுதான் முதல். பின்னாடி கூட்டுழைப்பு நீதிமன்றம்னு தனியாவும் வந்துச்சு.

ஆக ஃபேக்டரிக்குள்ள வர்ற சண்டைக்கு அவங்க கிட்ட ஓரளவு வழி இருந்துச்சு. ஃபேக்டரிக்கும் ஃபேக்டரிக்கும், குடியரசுக்கும் குடியரசுக்கும் வர்ற சண்டைக்கு இல்ல. பணக்கார ஸ்லோவேனியா எவ்வளவு கொடுக்கணும், ஏழை கொசோவோ மாகாணத்துக்கு எவ்வளவு போகணும்ங்கிறதுல ரெண்டு பக்கத் தொழிலாளிங்களும் சேர்ந்து உக்கார ஒரு மேடை கிடையாது, மேல தலைவர்கள் மட்டும் பேசுவாங்க. 1974 அரசியல் சட்டம் முக்கிய விஷயத்துல எல்லாக் குடியரசும் மாகாணமும் ஒத்துக்கணும்னு ஆக்கினதால யாராவது ஒருத்தர் முட்டுக்கட்டை போட்டா முடிஞ்சுது. 1987-ல விலைவாசி எகிற, கூலியை முடக்க சட்டம் வர, அந்த ஒரே வருஷத்துல ஆயிரத்துக்கு மேல ஸ்டிரைக். எல்லாம் தனித்தனியா, அவங்கவங்க ஃபேக்டரிக்குள்ள. ஒண்ணாச் சேர்க்கிற சங்கம் இல்லாத இடத்துல ஒண்ணாச் சேர்க்க தேசியவாதி வந்தான், செர்பியாவுல மிலோசெவிச் மாதிரி.

உங்க வட்டத்துல நேரம் கம்மின்னா சீனாவையும் ரஷ்யாவையும் விட்டுட்டு இந்த 1958, 1987 ரெண்டை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசிப் பாருங்க. கோர்பசேவ் காலத்துல சோவியத்துல நடந்ததுக்கும் இதுக்கும் ஒப்பீடு வேணும்னா தனித் திரி போடுங்க, இதுலயே சேர்த்தா செந்தழல் விட மாட்டார்.